உசிலை நாட்டிலிருந்து ஓர் ஆலமரத்துக்கு

எங்கள் ஊர் உசிலம்பட்டி, மரத்தின் பெயரால் அமைந்த ஊர். உசிலை மரங்கள் அடர்ந்து நின்ற பூமியில் பட்டி போட்டுக் குடியேறியவர்கள், தங்கள் குலப் பெயரையோ தலைவன் பெயரையோ இடாமல், நிழல் தந்த மரத்தின் பெயரையே ஊருக்கு இட்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு பெருமிதம் உண்டாவதுண்டு. உசிலை ஆடம்பரமான விருட்சமன்று. மழை பொய்த்த கரட்டு நிலத்திலும் கல்லிடுக்கில் வேரோட்டி, புளிய இலையைவிடச் சிறிய இலைகளைச் சீப்புப் பல் போல அடுக்கிக்கொண்டு, கோடைக்காலத்தில் வெண்மஞ்சளான பஞ்சுருண்டைப் பூக்களைச் சூடி நிற்கும். அதன் இலையை நிழலில் உலர்த்தி உரலில் இடித்துச் சலித்த தூள்தான் அரப்பு. என் அப்பத்தா சனிக்கிழமைதோறும் அந்தப் பச்சைத் தூளைக் கஞ்சித்தண்ணீரில் குழைத்து, எண்ணெய் சொட்டும் எங்கள் தலைகளில் அப்பித் தேய்ப்பாள். கண்ணில் பட்டால் எரியும், அழுதால் முதுகில் ஒன்று விழும், ஆனால் கிணற்றடியிலிருந்து எழுந்து வரும்போது உடம்பெல்லாம் பசுந்தழையின் வாசனை வீசும். அந்த வாசனையோடு வளர்ந்தவனுக்கு மரத்தைப் பார்க்கப் போவதென்பது உறவினரைப் பார்க்கப் போவது போன்ற காரியம். சென்னை அடையாற்றங்கரையில் பிரம்மஞான சங்கத்தாரின் தோட்டத்தில் ஓர் ஆலமரம் இருக்கிறதென்றும், தாய்மரம் வீழ்ந்தபின்னும் அது வாழ்ந்துகொண்டிருக்கிறதென்றும் வெகு நாளாகக் கேள்வியுற்றிருந்த நான், அச்சங்கத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் வருந்தி அழைத்ததன்பேரில், சென்ற மார்கழியில் புறப்பட்டேன்.

உசிலம்பட்டியிலிருந்து மதுரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கருமாத்தூர், செக்கானூரணி கடந்து, நாகமலை நீண்டு படுத்திருக்கும் அழகைப் பார்த்துக்கொண்டே போகும் அந்தச் சாலையில், என் பிள்ளைப் பிராயத்தில் இருபுறத்துப் புளியமரங்களும் கிளை கோத்துக் கூடாரமிட்டிருந்தன. சாலை அகலமாக அகலமாக அவை குறைந்துபோயின. சாலை ஓரத்தில் மரம் வைப்பதைத் தர்மமாகக் கொண்டவள் ராணி மங்கம்மாள் என்பது எங்கள் பக்கத்துக் கிழவர்கள் வாயில் இன்றும் வழங்கும் செய்தி. அவளுடைய கோடைகால மாளிகையாகிய தமுக்கம், பின்னர் கும்பினிக் கலெக்டர் ரௌஸ் பீட்டர் வசித்த பங்களாவாகி, 1959-இல் காந்தி நினைவு அருங்காட்சியகமாயிற்று. ஒரு மாளிகையும் தோட்டமும் கை மாறிக் கை மாறிக் கடைசியில் பொதுஜனங்களுடையதாகி நிற்பதை மதுரைக்காரர்கள் அந்த ஒரு சிறு உதாரணத்தில் கண்டிருக்கிறார்கள். அடையாற்றில் நான் காணப்போனது அதே கதையின் பெரிய வடிவம். இரவு ரயிலேறி விடியற்காலையில் எழும்பூரில் இறங்கினேன்.

சென்னையின் பழைய தோட்ட வீடுகளைப் பற்றி இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில், கோட்டைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த கும்பினி வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும், கையில் பொருள் சேர்ந்து பகைவர் பயமும் தணிந்தவுடன், நகரத்துக்கு வெளியே பல ஏக்கர் நிலம் வாங்கி, நடுவில் தூண்கள் நிரம்பிய வீட்டைக் கட்டிச் சுற்றிலும் மரம் வளர்த்தார்கள். கிளிஞ்சற் சுண்ணாம்பை அரைத்து மெழுகி, சலவைக்கல்லோ என்று மயங்கும்படி தூண்களுக்கு மெருகேற்றுவதில் நம் கொத்தர்களுக்கு இணையில்லை என்று வந்த வெள்ளையரெல்லாம் வியந்திருக்கிறார்கள். அடையாறு அத்தகைய வீடுகளுக்கு மிகவும் உகந்த நதியாக இருந்தது. வடகரையில் மௌபரே என்பவரின் குவிமாட மாளிகை எழுந்தது. சற்றுக் கிழக்கே ஜேம்ஸ் பிராடி என்பவர் 1790-களில் கட்டிய கோட்டை போன்ற வீட்டில் இப்போது அரசினர் இசைக் கல்லூரி நடக்கிறது. அந்த பிராடி, தம் வீட்டு வாசலில் ஓடிய அதே ஆற்றில் படகு கவிழ்ந்து மாண்டார். அவர்களுடைய தோட்டங்களில் பெரும்பாலானவை மனைகளாக வெட்டுண்டு தெருப்பெயர்களாக மட்டும் மிஞ்சின. மௌபரே சாலை என்ற பெயர்கூடப் பின்னர் மாறிப்போயிற்று.

தென்கரையில், ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகில் இருந்த ஹடில்ஸ்டன் தோட்டத்துக்கு மட்டும் வேறு விதி வாய்த்தது. 1875-இல் நியூயார்க்கில் பிரம்மஞான சங்கத்தை ஸ்தாபித்தவர்களான கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும், பம்பாயில் சில ஆண்டு இருந்தபின் நிரந்தரமான ஓர் இடம் தேடி, 1882-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் இத்தோட்டத்தைக் கண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் குடிபுகுந்தார்கள். அன்று அதன் விஸ்தீரணம் 27 ஏக்கர். ஆற்றைப் பார்த்த ஒரு மாளிகை, சில மரங்கள், சவுக்கும் தென்னையும் மணலும், அவ்வளவுதான். பிளாவட்ஸ்கி அம்மையார் அங்கே நெடுநாள் இருக்கவில்லை; 1885-இல் கப்பலேறியவர் திரும்பவே இல்லை. அம்மையாரைப் பற்றி அந்நாளில் எழுந்த வாதப் பிரதிவாதங்களுக்குள் நான் புக விரும்பவில்லை. ஆல்காட் இருந்தார், மரம் வைத்தார், 1886-இல் ஒரு நூலகத்தைத் தொடங்கி ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார், 1907-இல் அங்கேயே காலமானார். அவருக்குப் பின் தலைமை ஏற்ற அன்னிபெசன்ட் அம்மையார் அக்கம்பக்கத்துத் தோட்டங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். பிளாவட்ஸ்கி தோட்டம், ஆல்காட் தோட்டம், பெசன்ட் தோட்டம், தாமோதர் தோட்டம் என்று பெயர் பெற்று வளர்ந்த அந்தப் பூமி இன்று ஏறக்குறைய 260 ஏக்கர். நான் தேடிப்போன ஆலமரம் நிற்பது பிளாவட்ஸ்கி தோட்டத்தில். 1908-இல் அந்த நிலத்தை வாங்கியிராவிட்டால் அந்த மரம் இன்று யாருடைய வீட்டு அடுப்பில் எரிந்து போயிருக்குமோ!

திரு.வி.க. பாலத்தின் இரைச்சலிலிருந்து வாயிலுக்குள் நுழைந்து நூறு அடி நடந்ததும் செவிக்கு ஒரு மாறுதல் தெரிந்தது. ஒலி நின்றுவிடவில்லை, வாகனங்களின் ஊளை பின்னால் எங்கோ போய், காய்ந்த இலை மேல் இலை விழும் சத்தம் முன்னால் வந்தது. மகாகனி மரங்கள் இருபுறமும் நின்ற ஒரு பாதையில் நடந்தோம். மேற்கிந்தியத் தீவுகளின் மரம் அது. இங்கே நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகி, நெடுநெடுவென்று வளர்ந்து, மரக்காய்கள் வெடித்துச் சிறகு முளைத்த விதைகளைப் பாதையெல்லாம் இறைத்திருந்தது. ஒரு விதையை எடுத்து உயரத் தூக்கிப் போட்டேன். பம்பரம் போலச் சுழன்று சுழன்று இறங்கிற்று. தூங்குமூஞ்சி மரங்களும் நாகலிங்க மரங்களும் ஆங்காங்கே இருந்தன. நாகலிங்கம் தென்னமெரிக்காவில் பிறந்தது என்பதைத் தமிழர் பலரும் அறியார். பூவினுள்ளே சிவலிங்கத்தையும் அதன்மேல் கவிந்த ஆயிரம் தலை நாகத்தையும் கண்டு, கண்டவுடனே அதைக் கோயிலுக்குள் சேர்த்துக்கொண்ட நம்மவர்களின் பக்தி விசாலமானது. மதுரைச் சாலையின் புளியும் ஆதியில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதானே! புளியில்லாமல் ஒரு வேளைச் சோறு உண்ணாத நாம், வந்த மரத்தையும் பிறந்த மரத்தையும் பேதப்படுத்திப் பார்த்ததில்லை.

ஆப்பிரிக்க விருட்சமான பெருக்க மரம் ஒன்றும் அங்கே உண்டு. எங்கள் ராமநாதபுரக் கரையில் அராபிய வணிகர் கொண்டுவந்து வைத்தவை என்று சொல்லப்படும் பெருக்க மரங்களை முன்பே பார்த்திருக்கிறேன். யானையின் கால்களை ஒன்றாக வைத்துக் கட்டியது போன்ற அந்த அடிமரத்தைச் சுற்றி வரும்போது, தோட்டத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் முதியவர் ஒருவர் கையில் ஈர்க்குத் துடைப்பத்தோடு எதிர்ப்பட்டார்.

"எந்த ஊரு சார் நீங்க?" என்றார்.

"உசிலம்பட்டி. மதுரைக்கு மேற்கே."

"உசிலை மரத்து ஊரா? அது இங்க கெடையாது சார். எங்க ஊர்ப்பக்கம் கரட்டுல நெறைய உண்டு. தண்ணி காட்டாமலே வளரும்" என்றவர், சற்று யோசித்து, "இங்க எதுக்கும் நாங்க ஒண்ணும் செய்யறதில்ல சார். வெட்டாம இருக்கோம், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் பெருக்கத் தொடங்கினார்.

அந்தச் சொல்லோடுதான் நான் ஆலமரத்தை அடைந்தேன்.

ஒரு மரத்தைப் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு வருகிறவன் அங்கே முதலில் திகைத்துப் போவான். ஏனெனில் அங்கே மரம் என்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. ஒரு தோப்பு இருக்கிறது. பருத்தும் மெலிந்தும், நேராகவும் சாய்ந்தும், தனித்தும் இரண்டு மூன்றாகப் பின்னிப் பிணைந்தும் நிற்கும் தூண்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் தெரிகின்றன. மேலே நிமிர்ந்து ஒரு கிளையைக் கண்ணால் பற்றிக்கொண்டு அதன் வழியே போனால்தான், அத்தூண்களெல்லாம் ஒரே உடம்பு என்பது புரிகிறது. ஆயிரங்கால் மண்டபத்தைக் கண்டு வளர்ந்த மதுரைக்காரனுக்கு அம்மண்டபம் நினைவுக்கு வராமல் இராது. ஆனால் அங்கே தூணை நிறுத்தியபின் கூரையைப் பரப்பினான் சிற்பி. இங்கே கூரை முதலில் போய், தன்னைத் தாங்கும் தூணைத் தானே கீழே இறக்கிக்கொள்கிறது.

என் முகத்துக்கு நேராக ஒரு விழுது தொங்கிற்று. விரல் பருமன் இருக்கும். மேற்பகுதி பழுப்பேறிப் பட்டை கட்டியிருந்தது. கீழே வர வர நார் நாராகப் பிரிந்து, ஒவ்வொரு நாரின் நுனியும் இளமஞ்சளாய், குழந்தையின் விரல் நுனி போல ஈரத்தோடு மெத்தென்றிருந்தது. அந்த நுனிக்கும் மண்ணுக்கும் நடுவே நாலரை அடி தூரம். ஆடு கடிக்காமல், மனிதன் ஊஞ்சலாடி அறுக்காமல், சில மழைக்காலங்கள் கடந்துவிட்டால் அது மண்ணைத் தொடும். தொட்டவுடன் அதன் தொழில் மாறிவிடுகிறது: காற்றில் ஈரம் தேடிக்கொண்டிருந்த தளர்ந்த கயிறு, வேரூன்றி இறுகி, ஆண்டுக்காண்டு பருத்துக் கிளையைத் தாங்கும் தூணாகிறது. கல்கத்தாவை அடுத்த சிப்பூர்த் தாவரத் தோட்டத்துப் பேராலுக்கு, இளம் விழுதுகளை மூங்கிலுக்குள் விட்டு மண்ணுக்கு வழிகாட்டுகிறார்கள். அந்த மரத்தின் அடிமரம், 1860-களின் புயல்களில் அடிபட்டுக் காளான் பற்றி அழுக, 1925-இல் அதை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனாலும் 3,000-க்கும் மேற்பட்ட விழுதுகளின்மேல் அது இன்றும் வாழ்கிறது.

அடையாற்று ஆலுக்கும் அதுவே நேர்ந்தது. நானூற்றைம்பது ஆண்டு வயது மதிக்கப்படும் அதன் தாய்மரம் 1989-ஆம் ஆண்டில் அடித்த புயற்காற்றில் வேரோடு சாய்ந்தது. நிமிர்த்தி நிறுத்த எவ்வளவோ பிரயத்தனம் செய்தும் பிழைக்கவில்லை. அது நின்றிருந்த இடம் இப்போது வெற்றிடம். நண்பர் கைகாட்டிய அந்த வெற்றிடத்தின் விளிம்பில் நெடுநேரம் நின்றேன். நாற்புறமும் விழுதுகள் நடுவைப் பார்த்தபடி நின்றன. வீட்டில் பெரியவர் காலமான பதினாறாம் நாள், பந்தற் காலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நிற்கும் பிள்ளைகளைப் போல இருந்தது அக்காட்சி.

பழுத்து விழுந்த ஆலம்பழம் ஒன்றை நகத்தால் பிளந்தேன். பூக்காமல் காய்க்கும் மரத்தைக் கோளி என்றார்கள் நம் முன்னோர். உண்மையில் பூக்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவையெல்லாம் பழத்துக்குள்ளேயே மறைந்து பூக்கின்றன. அவற்றுக்கு மகரந்தம் கொண்டுவருவது கொசுவினும் சிறிய ஒரு குளவி. ஆலுக்கென்றே பிறந்த அந்தக் குளவியின் பெண், காயின் நுனித்துவாரம் வழியே சிறகு முறியும்படி நெருக்கிக்கொண்டு உள்ளே புகுந்து, பூக்களுக்கு மகரந்தம் கொடுத்து, முட்டையிட்டு, அங்கேயே மாண்டுபோகிறது. அதன் பிள்ளைகளில் ஆண்களுக்குச் சிறகே இல்லை. அவை உள்ளிருந்து சுவரைத் துளைத்து வழி செய்துவிட்டு மடிய, அவ்வழியே பெண்கள் மகரந்தம் சுமந்து அடுத்த மரத்தைத் தேடிப் பறக்கின்றன. பழத்தைத் தின்ற பறவை பனையின் மட்டையிடுக்கில் விட்ட விதைதான், எங்கள் ஊர்ப் பொட்டல்களில் பனையைத் தழுவி நிற்கும் ஆலாக வளர்கிறது. பிளந்த பழத்துக்குள் சோற்றுப் பருக்கையின் கால்வாசி அளவில் மணல் போன்ற விதைகள் இருந்தன. இத்தனை பெரிய மண்டபம் அத்தனை சிறிய விதைக்குள் இருந்ததே என்பது எல்லாரும் வியந்த விஷயம். எனக்கு அந்தக் குளவியே பெரிதாகப்பட்டது.

இந்த நிழலில் மூவாயிரம் பேர் அமரலாம் என்பார்கள். அமர்ந்துமிருக்கிறார்கள். பெசன்ட் அம்மையார் பேசிய இடம் இது. ஆற்றங்கரை மணலில் 1909-இல் சங்கத்தாருள் ஒருவரான லெட்பீட்டர் கண்ணில் பட்ட மதனப்பள்ளிச் சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தி, உலககுரு என்று கொண்டாடப்பட்டு, 1929-இல் அந்தப் பட்டத்தையும் அதற்காக எழுந்த ஸ்தாபனத்தையும் தாமே கலைத்துவிட்டு விலகிப் போய், அரை நூற்றாண்டு கழித்து 1980-இல் இந்தத் தோட்டத்துக்குள் மறுபடி காலடி வைத்தார். 1939-இல் இங்கே வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், சுமார் 300 ஆசிரியர்களுக்குக் குழந்தைக் கல்வி போதித்தார். மறு ஆண்டு இத்தாலி யுத்தத்தில் இறங்க, இத்தாலியராகிய அவர் விரும்பியபடி ஊர் திரும்ப முடியாமல் யுத்தம் முடியும்வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. மதுரைக்காரனாகிய எனக்கு இவர்களெல்லாரினும் நெருக்கமானவர் ருக்மிணி தேவி அம்மையார். 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி மதுரையில் பிறந்த அவர், தந்தையார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று அடையாற்றில் குடியேறியதால் இந்த மரங்களின் மத்தியில் வளர்ந்தார். சதிராட்டத்தைக் கண்ணியமானவர்கள் பார்ப்பதற்கும் கூசிய காலத்தில் தாமே சலங்கை கட்டி ஆடினார். 1936-இல் அவர் தொடங்கிய கலாக்ஷேத்திரம் இத்தோட்டத்து மரநிழல்களில்தான் தன் முதற் பாடங்களை நடத்திற்று. பின்னர் திருவான்மியூரில் வெறும் மணற்பரப்பாகக் கிடந்த நிலம் கிடைத்தபோது அவர் அங்கே கட்டடத்தோடு மரத்தையும் எழுப்பினார். மர நிழலில் வளர்ந்த பெண் வேறென்ன செய்வாள்?

மதிற்சுவரைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பெரிய நிழலைச் சுவருக்குள் வைத்துக்கொண்டு, காலையில் சிறிது நேரமும் பிற்பகலில் சிறிது நேரமும் மட்டும் வாயிலைத் திறப்பது நியாயமா என்று நண்பரைக் கேட்டேன். அவர் மறுமொழி சொல்லாமல், தோட்டத்துக்கு வெளியே பெசன்ட் நகர்ப் பக்கம் என்னை அழைத்துச் சென்று ஒரு பள்ளிக்கூடத்தைக் காட்டினார். தீண்டாமையினால் ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று 1894-இல் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளிக்கூடம் அது. இன்றும் ஏழைக் குழந்தைகள் அங்கே படிக்கிறார்கள். அக்குழந்தைகளைக் கண்டபின் என் கேள்வியின் கூர்மை பாதி மழுங்கிற்று. மீதிப் பாதியை மாடி வீடுகள் மழுக்கின. அந்தச் சாலையின் இருபுறமும் நான் பார்த்தவை வானளாவிய அடுக்கு மாடிகள். அவை நின்ற ஒவ்வொரு துண்டு நிலமும் ஒரு காலத்தில் யாருடைய தோப்பாகவோ இருந்தது. தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்த தோட்டம் பேரன் காலத்தில் பங்கு பிரிந்து விலைபோய்விடுகிறது; சங்கத்துக்கு வந்த தோட்டத்துக்குப் பங்காளி இல்லை. மரத்தின் ஆயுள் நானூறு வருஷம், மனிதனின் பேராசைக்கு ஒரு தலைமுறை போதும். இவ்விரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று காவலாக நின்றாக வேண்டும் என்றால், அது சுவராக இருந்தாலும் நான் வணங்கத்தான் வேண்டும்.

சுவர் தடுக்க முடியாதவையும் உண்டு. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வீசிய வர்தா புயல் இந்தத் தோட்டத்தில் பெரும் மரங்கள் பலவற்றை வீழ்த்திற்று. விழுந்த இடங்களில் வெயில் தரையைத் தொடுகிறது. தொட்ட இடத்திலெல்லாம் புதுச் செடிகள் தலைதூக்கியிருப்பதைப் பார்த்தேன். புத்தர் கோயிலுக்கு முன்னிருந்த சிறு குளத்தருகே சற்று உட்கார்ந்திருந்தோம். கிழக்கே, கடலைப் பார்த்த பக்கம், பெசன்ட் அம்மையாரின் அஸ்தி வைக்கப்பட்ட நினைவுத் தோட்டம் இருக்கிறது. 1933-இல் அடையாற்றிலேயே காலமான அவர், தாம் சேர்த்த நிலங்களில் ஒரு பிடி மண்ணாக அங்கே கலந்துவிட்டார்.

ஊர் திரும்பிய மறுநாள் உசிலம்பட்டியில் சந்தை. சாக்கு விரித்து அரப்பும் சீயக்காயும் குவித்து உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியின் முன்னால், என்னை அறியாமல் கால்கள் நின்றன. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தேன். அப்பத்தாவின் கிணற்றடி எதிரே வந்து நின்றது.

"எந்த மரத்து இலை ஆத்தா இது?"

"நம்ம மலையடிவாரத்துப் பட்டா நெலத்துல ஒடிச்சது சாமி. எம்புட்டு வேணும்?"

"பக்கத்துக் கோயில் காட்டில் உசிலை கனமாக நிற்குமே, அங்கே ஒடிப்பதில்லையா?"

அவள் கையிலிருந்த படியைக் கீழே வைத்தாள். "கோயில் காட்டுலயா? அங்கிட்டு ஒரு எல கிள்ள மாட்டமே! காஞ்ச சுள்ளி கீழ கெடந்தாலும் தாண்டித்தேன் வருவோம்" என்று சொல்லி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அரைப்படி அரப்பைத் தலைதட்டாமல் கும்பலாக அளந்து என் பையில் கொட்டினாள்.